பாளையங்கோட்டையில் எங்கள் பிள்ளைக்கு முதல் பால்

ஷார்ஜாவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனது கோயில் கொடைக்கு. ஆனால் லீவில் பாதிக்கு மேல் பாளையங்கோட்டையில், ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் வார்டு வாசலில் போய்விட்டது. தம்பி மகனுக்குப் பிறவியிலேயே சிறுகுடல் ஓரிடத்தில் அடைபட்டிருந்தது. பிறந்த மறுநாளே பச்சையாக வாந்தி. அம்பாசமுத்திரத்து டாக்டர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 108-இல் ஏற்றிவிட்டார். அவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. பச்சை வாந்திக்குக் காரணம் குடல் முறுக்கு என்றால், சில மணி நேரத்திலேயே ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கிவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: பால் எப்போ? முதலில் கிடைத்த பதில் "பாக்கலாம்" மட்டும். இது எனக்குப் பெரிய குறை. ஒன்றும் தெரியாததால்தான் எங்கள் ஆச்சி, "பிள்ளை பட்டினி கெடக்கே" என்று அழுதுகொண்டு, சேனை வைக்க, அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைக்க, சீனித்தண்ணியோடு வந்து நின்றார்.

அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் தங்கச்சி எங்களை உட்காரவைத்துப் பேசினாள். "ஆச்சி, பிள்ளை பட்டினி இல்ல. ரத்தக்குழாய்ல போட்டிருக்கிற இந்த லைன் வழியா சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தத்துக்கே போகுது." பிறகு மூக்கு வழியே வயிற்றுக்குள் விட்டிருந்த குழாயில் வந்ததை ஊசிக்குழலில் உறிஞ்சி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். முந்தின நாள் கரும்பச்சை. அன்று இளம் மஞ்சள், அளவும் குறைவு. அது தெளிந்து குறைய வேண்டும், வயிறு உப்பாமல் மெத்தென்று இருக்க வேண்டும், மலம் போக வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் பால். அடைப்புக்கு மேலே இருந்த குடல் வீங்கிப் பெருத்திருக்கும், கீழே உள்ளது வேலையே செய்யாமல் மெலிந்திருக்கும். தையல் ஆறினாலும் இரண்டும் ஒத்து அசைய நாளாகும் என்றாள்.

அதற்காகத் தள்ளிக்கொண்டே போகவும் கூடாதாம். லைன் அதிக நாள் இருந்தால் தொற்று வரலாம். லைன் வழிச் சத்தையே நம்பியிருந்தால் ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வரலாம். குடலின் உள்தோலுக்கும் கொஞ்சம் பால் பட்டால்தான் தெம்பு. அதனால்தான் முழு அசைவு வரும்வரை காத்திராமல் சொட்டு அளவில் தொடங்குகிறார்கள்.

இதற்கிடையில் தம்பி மனைவி இரண்டு மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியும் எழுந்து, பால் பீய்ச்சினாள். "மதினி, பிள்ளை குடிக்காமலே பால் வத்திருமோ?" என்று கேட்டாள். வற்றவில்லை. நேரம் எழுதி ஒட்டிப் பிரிட்ஜில் வைத்தோம். சீம்பாலைப் பஞ்சில் தொட்டுப் பிள்ளையின் கன்னத்துக்குள் தடவினார்கள். ஆச்சிக்கு அதுவே சேனையாயிற்று.

முதல் பால் 3 மில்லி. உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்ட ஊசிக்குழலை மூக்குக் குழாயில் மாட்டித் தூக்கிப் பிடித்தாள் அந்தத் தங்கச்சி. பால் தானாக இறங்கியது. நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். நடுவில் ஒரு நாள் வயிறு உப்பியதால் பாலை நிறுத்தி, மறுநாள் மறுபடி தொடங்கினார்கள். அது சகஜமாம்.

இப்படி நேர்ந்தவர்கள், எந்தத் தேதியில் பால் என்று கேட்காதீர்கள். குழாயில் இன்று எவ்வளவு வந்தது, என்ன நிறம், மலம் போயிற்றா என்று தினமும் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு டாக்டரும் நின்று பதில் சொன்னார்.