செரோவுக்குப் புது ஸ்பிரிங்: நான்கு வருடம், 21,000 கிலோமீட்டர்

கொழும்பில் ஓடும் பழைய செரோ பைக்குகளைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். பிறேக் பிடித்ததும் முன்பக்கம் அமுங்கி மூக்குக் குத்தும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. யமஹா செரோ 225, தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓடிக் களைத்து, ரீகண்டிஷனாக இங்கே வந்தது. நான் 88 கிலோ. மனைவியும் பின்னால் ஏறினால், ஒவ்வொரு ஹம்ப்பிலும் அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும் பைக் மாற்றுகிற யோசனையும் நின்றது. சரி, இருப்பதையே திருத்துவோம் என்று 2021இல் இறங்கினேன்.

முதலில் செய்தது பிழை. பஞ்சிகாவத்தையில் தடிப்பான ஒயில் வாங்கி முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த இரட்டைக் குழாயில், ஊற்றினேன். மூக்குக் குத்துவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் பேஸ்லைன் வீதிக் குழிகள் மணிக்கட்டில் வந்து அடித்தன. இந்த ஃபோர்க்கில் ஒயில் சின்னத் துளைகள் வழியாக நெரிந்து போவதால்தான் தடை உண்டாகிறது. மெல்ல அமுங்கும்போது இலகுவாகப் போய்விடும். சடாரென்று குழியில் விழுந்தால் துளை போதாமல் இறுகும். ஒயில் தடித்தால் அந்த இறுக்கமும் கூடும். குறை ஒயிலில் இல்லை, தளர்ந்த ஸ்பிரிங்கில்.

அளந்து பார்த்தபோதுதான் அது விளங்கியது. ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, ஏறி உட்கார்ந்து, மெல்ல இறங்கினேன். முன்பக்கம் மொத்தம் அசையக்கூடியது 225 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 75 அளவில், அமுங்கினால் நல்லது. என்னுடையது 105 அமுங்கியது. பள்ளம் வருமுன்னரே பாதி முடிந்துவிட்டது!

கடினமான ஸ்பிரிங் ஒரு சோடி போட்டு, ஒயிலைப் பழையபடி 10 நம்பர் தடிப்புக்கு மாற்றினேன். ஒயில் மட்டத்தைச் சரிபார்க்க ஃபாமசியில் வாங்கிய சிரிஞ்சும் சேலைன் குழாயும் போதும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து 140 மில்லிமீட்டர் கீழே வரும்வரை மிச்சத்தை உறிஞ்சி எடுத்தேன். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஒரே மட்டம் வேண்டும்.

முன்பக்கம் திருந்தியதும் பின்பக்கத்தின் லட்சணம் வெளியே வந்தது. பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷொக்கை ஒரு கராஜில் கொடுத்துக் காஸ் அடித்தேன். மூன்றாம் மாதமே ஒழுகியது. வேறொரு மெக்கானிக் பாஸ் அதைக் கழற்றும்போது, ஷொக்கைப் பின்சக்கரக் கையோடு இணைக்கும் லிங்க்கின் பெயாரிங்கைக் காட்டினார். அதற்குள் உருளும் ஊசிகள் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தன. பின்சக்கரம் அசையவே மல்லுக்கட்டியிருக்கிறது, நான் இத்தனை நாளும் ஷொக்கைத் திட்டியிருக்கிறேன். பழைய பைக் வைத்திருப்பவர்கள் காசு செலவழிக்குமுன் அந்த லிங்கைக் கழற்றிக் கிரீஸ் போட்டுப் பாருங்கள். சிலருக்கு அதோடேயே வேலை முடிந்துவிடும்.

2022இல் வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் கிடைத்த காலத்தில் பைக் பெரும்பாலும் வீட்டில்தான் நின்றது. அப்புறம் இரண்டு தடவை நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்குப் போய்வந்தேன். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை தாண்டி, கோர்பட்ஸ் கேப்பிலிருந்து இறங்கும் வளைவுகளில் முன்பு முன்சக்கரம் எங்கே போகிறது என்றே தெரியாது. இப்போது கல்லில் ஏறினாலும் கையில் நிற்கிறது. ஹெல்மெட் முட்டுவதும் இல்லை.

குறையும் உண்டு. தனியாக, மெதுவாக, கொழும்பு–காலி வீதியில் போகும்போது சின்னச் சின்ன ஒட்டுகள் முன்பைவிடத் தெரிகின்றன. பைக் உயர்ந்துவிட்டதால் பொரளைச் சந்தியில் நுனிக்காலில் நிற்கிறேன். சைட் ஸ்டாண்டில் விட்டால் கூடுதலாகச் சாய்கிறது. அடியில் ஒரு தகடு ஒட்ட வேண்டியிருந்தது.

வெள்ளவத்தை உப்புக்காற்றுக்கு மட்டும் மருந்தில்லை. ஃபோர்க் குரோமில் ஊசிமுனை அளவு துரு விழுந்து, ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் வளையத்தை அறுக்கிறது. நாலு வருடத்தில் இரண்டு தடவை மாற்றியாயிற்று. நேற்றுக் காலை ஃபோர்க்கின் இடது காலில் மறுபடியும் ஒரு மெல்லிய ஒயில் வளையம் தெரிந்தது.