ஸ்வீனெசுண்ட் எல்லை அங்காடி: பாலம் தாண்டிப் போய் வாங்குவது பயனுள்ளதா?

ஒஸ்லோவிலிருந்து ஈ6 நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடினால், இட்டே கடலிடுக்கின் மேல் ஒற்றை வில்லாக வளைந்து நிற்கும் ஸ்வீனெசுண்ட் பாலம் வரும். நோர்வேயும் சுவீடனும் ஒரே முடியின் கீழிருந்து பிரிந்து நூறாண்டு நிறைந்த 2005இல் திறக்கப்பட்ட பாலம் அது. அதைக் கடந்த சில நிமிடங்களில், சுவீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் பகுதியில், நூர்ட்பி அங்காடி வளாகம் இருக்கிறது. 2004இல் திறக்கப்பட்ட இவ்வளாகத்தில் ஏறத்தாழ நூறு கடைகள் உள்ளன. சுற்றுவட்டாரத்தில் வாழ்வோர் பதின்மூவாயிரம் பேரளவே என்பதை நினைத்தால், இது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் நோர்வே இலக்கத் தகடுகளே சொல்லிவிடும்.

கட்டடத்தில் ரசிப்பதற்கு எதுவுமில்லை. நீண்ட கூரைகள், அகன்ற நடைவழிகள், தள்ளுவண்டிகளின் ஓசை, அவ்வளவுதான். ஆனால் இங்கு வருவோர் அழகைத் தேடி வருவதில்லை, நோர்வேயை விட மலிவான விலையைத் தேடி வருகிறார்கள். 2019இல் நோர்வே மக்கள் ஒருநாள் எல்லைப் பயணங்களில் செலவிட்ட தொகை 1,500 கோடி நோர்வே குரோனரைத் தாண்டியது. அதில் மிகப் பெரும்பகுதி சுவீடனுக்கே போனது.

முதலில் இறைச்சியையும் சீஸையும் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்தப் பயணத்தின் நியாயம் அவற்றில்தான் இருக்கிறது. உணவின் மீதான பெறுமதி சேர் வரி நோர்வேயில் 15 சதவீதம், சுவீடனில் நெடுங்காலமாக 12 சதவீதம் என்றிருந்ததால், விலை வேறுபாட்டுக்கு அந்த வரி மட்டும் காரணமாக இருக்க முடியாது. உண்மையான காரணம் நோர்வே தன் விவசாயிகளைச் சுற்றி எழுப்பியிருக்கும் சுங்கச் சுவர். நோர்வே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதிலும் விவசாயப் பொருட்கள் பெரும்பாலும் தடையற்ற வர்த்தகத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. 2013 முதல், குறிப்பிட்ட சில கெட்டிச் சீஸ் வகைகளை வணிக முறையில் இறக்குமதி செய்தால் 277 சதவீதம் சுங்கவரி. ஆனால் அதே சீஸைப் பயணி ஒருவர் தம் பையில் வைத்துக் கொண்டுவந்தால், இறைச்சியும் சீஸும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ வரை தீர்வையே இல்லை. சுவரின் அடியில் சட்டமே திறந்துவைத்த இந்தச் சிறு வாசலில்தான் நூர்ட்பியின் இறைச்சி, சீஸ் வியாபாரம் நடக்கிறது. பேக்கன், பன்றி இறைச்சி, கோழி, சீஸ் ஆகியவற்றில் வேறுபாடு வெளிப்படையாகவே தெரிந்தது. தரத்திலும் எனக்குக் குறை தென்படவில்லை.

இனிப்புகளின் கதை சற்று விசித்திரமானது. நோர்வே 2018இல் சாக்லேட், இனிப்பு வகைகளின் மீதான தீர்வையைக் கடுமையாக உயர்த்தியது. எல்லைக் கடைகள் அதில் கொழித்தன. 2021 தொடக்கத்தில் அத்தீர்வை அடியோடு நீக்கப்பட்டது. ஆயினும் நிறுத்து வாங்கும் இனிப்புப் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம் குறைந்தபாடில்லை. பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். என் பையிலும் தேவைக்கு மேலேயே இருந்தது.

உடைகளையும் மின்னணுச் சாதனங்களையும் நாடிப் போக வேண்டாம். அவற்றுக்கு இரு நாடுகளிலும் பெறுமதி சேர் வரி 25 சதவீதமே என்பதால், தள்ளுபடி நாள் அமைந்தாலன்றி மிச்சமாவது சொற்பம்.

மதுவுக்கு அரசின் ஏகபோகக் கடையான சிஸ்டெம்போலாகெட் இங்கு உண்டு. நோர்வேயில் வைனும் பியரும் வாங்க 18 வயது போதும். இங்கோ 20 வேண்டும் என்பதால், இளைஞர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை அக்கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே மூடிவிடுவார்கள். நோர்வேக்குள் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய அடிப்படை அளவு, கடும் மது 1 லீற்றர், வைன் 1.5 லீற்றர், பியர் 2 லீற்றர்.

என் ஒரே மனக்குறை பணம் செலுத்தும் முறையைப் பற்றியது. இப்பகுதியில் இரு நாட்டுக் குரோனர்களும் செல்லும். கடையொன்றில் அட்டையைச் செருகியபோது இயந்திரம் நோர்வே குரோனரில் கழிக்கட்டுமா என்று கேட்டது, யோசிக்காமல் இசைந்தேன். அவர்கள் போட்ட மாற்று விகிதம் என் வங்கியின் விகிதத்தை விட மோசமானது என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்த பின்தான் அறிந்தேன். சுவீடன் குரோனரையே தெரிவு செய்யுங்கள்.

எந்த நாளில் போவது என்பதும் முக்கியம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் நோர்வேயில் பொது விடுமுறை, சுவீடனில் அல்ல. அன்று பாலத்தை நெருங்கும்போதே வாகனங்கள் ஊரத் தொடங்கிவிடும். இத்தகைய பயணத்தை நோர்வே மக்கள் ‘ஹாரி’ பயணம் என்பார்கள். நயமற்றது என்று பொருள். 2002இல் விவசாய அமைச்சராயிருந்த லார்ஸ் ஸ்போன்ஹைம் எல்லை தாண்டி வாங்குவதை அச்சொல்லால் குறிப்பிட்டது பெரும் பேச்சானது. ஆனால் 2020 மார்ச்சில் தொற்றுக்காலக் கட்டுப்பாடுகள் வந்தபோது இங்குள்ள தரிப்பிடங்கள் வெறிச்சோடின, நோர்வே மளிகைக் கடைகளின் விற்பனை ஏறியது. அமைச்சரின் கண்டனத்தால் ஆகாததைத் தனிமைப்படுத்தல் விதி செய்தது.

எல்லைக்கு அருகிலுள்ள நோர்வே நகரங்களான ஹால்டனிலோ சார்ப்ஸ்போர்க்கிலோ வசிப்பவர்களுக்கு இது அடுத்த தெருக் கடை போன்றது, தாராளமாகப் போகலாம். ஒஸ்லோக்காரர்கள் எரிபொருளையும் அரை நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியாகப் போனால் 10 கிலோ வரம்புக்குள் அந்தச் செலவை ஈடுகட்டுவது கடினம், நால்வர் சேர்ந்து போனால் ஈடாகும். அளவு மீறினால் சுங்கத்தின் ‘க்வோட்டெ’ செயலியில் எல்லை தாண்டுமுன்பே தெரிவித்துப் பணம் கட்டிவிடலாம்; தெரிவிக்க எதுவுமில்லாதோருக்கான பச்சை வழியில் நிறுத்தப்பட்டு பொதியை அவிழ்த்துக் காட்டுவதை விட அது மேல். கோடையில் போவதானால் குளிர்பெட்டியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் பாலத்தருகே வாகன வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது.