டெக்ஸாஸ் எம்.எஸ். 150 சைக்கிள் பயணம்: சேரலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேரலாம். ஆனால் ஜனவரியில் பெயர் கொடுத்துவிட்டு ஏப்ரலில்தான் சைக்கிளைத் தூசி தட்டப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்பதற்குக் கூச்சம் என்றாலும் வேண்டாம். மிதிப்பதற்கு எவ்வளவு உழைப்பு தேவையோ, கேட்பதற்கும் அவ்வளவு தேவை.

இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய்க்காக நிதி திரட்ட, அமெரிக்காவின் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் நடத்தும் ‘பைக் எம்.எஸ்.’ வரிசையில் வரும் பயணம். ஏப்ரல் கடைசியை ஒட்டிய சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும். ஹியூஸ்டன் பக்கமிருந்தும் கிளம்பலாம், ஆஸ்டின் பக்கமிருந்தும் கிளம்பலாம். இரண்டு கூட்டமும் சனி இரவு லா கிரேஞ்ச் என்ற சிற்றூரில் சேர்ந்து தங்கும். ஞாயிறன்று காலேஜ் ஸ்டேஷனில், டெக்ஸாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் மைதானத்தருகே முடியும். 2022இல் வந்த வழி இது. அதற்கு முன் ஹியூஸ்டனில் தொடங்கி ஆஸ்டினில் முடிந்தது. புறப்படும் இடமும் தூரமும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால், பழைய வரைபடத்தை நம்பிப் பயிற்சித் திட்டம் போடாதீர்கள்.

பெயரில் உள்ள 150 என்பது மைல் கணக்கு, நம் கணக்கில் சுமார் 241 கிலோமீட்டர். 1980இல் மின்னசோட்டா மாநிலத்தில் இப்படி நிதி திரட்டும் எண்ணத்தோடு முதல் பயணம் நடந்தது. ஹியூஸ்டனில் 1985இல் சில நூறு பேரோடு ஆரம்பித்தார்கள். முப்பது ஆண்டுக்குள் 13,000 பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்று வரம்பு கட்டும் நிலை வந்தது. உச்ச ஆண்டுகளில் ஒரே வார இறுதியில் 2 கோடி டாலரை ஒட்டித் திரட்டினார்கள். நாடு முழுவதும் நடக்கும் பைக் எம்.எஸ். பயணங்கள் எல்லாம் சேர்ந்து 1980 முதல் இன்றுவரை திரட்டியது 130 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் குழுக்கள். ஹியூஸ்டன் எண்ணெய் நிறுவனங்களின் ஊர். நிறுவனத்துக்கு நிறுவனம் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், ஒரு நிறச் சட்டை, ஜனவரியிலிருந்து வாரந்தோறும் பயிற்சி ஓட்டம், லா கிரேஞ்சில் சொந்தக் கூடாரம் என்று ஒரு கட்டமைப்பே உருவாகிவிட்டது. பி.பி. நிறுவனம் பல ஆண்டுகள் பயணத்துக்கே தன் பெயரைக் கொடுத்திருந்தது. தனியாளாக 150 மைல் என்றால் மலைப்பாக இருக்கும். பக்கத்து மேசைக்காரர் போகிறார் என்றால் ‘நாமும் பார்க்கலாமே’ என்று தோன்றும். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் இங்கே பெரும்பகுதி. குழு இல்லாமலும் பதியலாம். ஆனால் முதல்முறை வருபவர் ஏதாவது ஒரு குழுவில் ஒட்டிக்கொள்வதே நல்லது. ஏன் என்பது லா கிரேஞ்ச் இரவைப் பற்றிப் பேசும்போது புரியும்.

ஒருவர் குறைந்தது 400 டாலர் திரட்ட வேண்டும் என்பதே நெடுங்காலமாக உள்ள விதி. பதிவுக் கட்டணம் இதில் சேராது, அது தனி. மாசசூசெட்ஸில் நடக்கும் பேன்-மாஸ் சேலஞ்ச் என்ற பயணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அதுவும் 1980இல், 36 பேரோடு தொடங்கியது. டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கான பயணம் அது. அங்கே இரண்டு நாள் ஓட்டுபவர் பல ஆயிரம் டாலர் திரட்டியாக வேண்டும். ஓட்டுபவர் திரட்டும் தொகை நூற்றுக்கு நூறு அந்த மையத்துக்கே போகும். எம்.எஸ். 150இன் வாசல் தாழ்வானது. கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்தவரும் உள்ளே வரலாம். கூட்டத்தின் அளவும், கூட்டத்தால் வரும் தொல்லைகளும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவை. எனக்கு இந்தத் தாழ்வான வாசல்தான் பிடித்திருக்கிறது. 400 டாலருக்கு இருபது பேரிடம் கேட்கிறார் என்றால், அந்த இருபது பேர் காதிலும் இந்த நோயின் பெயர் விழுகிறது.

பணம் எங்கே போகிறது என்பதில் தெளிவு வேண்டும். ‘ஆராய்ச்சிக்காக ஓட்டுகிறோம்’ என்று சொல்வது பாதி உண்மை. சங்கம் ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறது. நோயாளிகளுக்கு வழிகாட்டும் சேவைகளுக்கும் கொள்கை சார்ந்த பணிகளுக்கும் செலவிடுகிறது. பயணத்தை நடத்தும் செலவும் உண்டு. நன்கொடையாளர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்லுங்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையும் வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்யும் 990 படிவமும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆராய்ச்சிக்குப் போன பங்கு வீண் போகவில்லை. 1946இல் சில்வியா லாரி இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் தம்பிக்கு இந்த நோய். ‘குணமானவர் யாராவது உண்டா’ என்று 1945இல் நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்தார். வந்த பதில்களில் குணமானவர் இல்லை, அதே கேள்வியைக் கேட்டவர்களே இருந்தார்கள். நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்துக்கு அனுமதி கிடைக்க 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பி வகை ரத்த அணுக்களுக்கு இந்த நோயில் பங்கு உண்டு என்று நரம்பியல் மருத்துவர் ஸ்டீபன் ஹவுசர் பலர் நம்பாத காலத்தில் ஆராய்ந்தபோது கைகொடுத்தவற்றில் இந்தச் சங்கமும் ஒன்று. அந்தத் தடத்தில் வந்த ஓக்ரிலிசுமாப் மருந்துக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகைக்கு அதுதான் முதல் மருந்து. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளை ஆராய்ந்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று 2022இல் ஹார்வர்டு குழு காட்டிய ஆய்வுக்கும் சங்கத்தின் நிதி போயிருக்கிறது. அமெரிக்காவில் நோயாளிகள் நான்கு லட்சம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்ததை, கிட்டத்தட்ட பத்து லட்சம் என்று 2019இல் திருத்திய கணக்கெடுப்பும் சங்கத்தின் உதவியால் நடந்ததே.

தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். நரம்பு இழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது. மின்கம்பியின் மேலுறை பிய்ந்தால் மின்சாரம் கசிவதுபோல, மூளையிலிருந்து போகும் செய்தி தடுமாறுகிறது. இந்த நோயோடு ஓட்ட வருபவர்களும் உண்டு. ‘ஐ ரைடு வித் எம்.எஸ்.’ என்று எழுதிய தனிச் சட்டை அவர்களுக்கு. மேட்டில் அந்தச் சட்டையைப் பார்த்தால் பக்கத்தில் போகும் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை வெயில். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடைப்பட்டுப் பார்வை மங்கலாம், கால் கனக்கலாம். 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் விவரித்த நிலை இது. உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும். நோய் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் சைக்கிள் மேல் இருக்கும்போது பார்வை மங்கினால் விழுவதுதான் நடக்கும். கிளம்பும் முன் குளிர்ச்சி உடுப்பு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்தில் பனிக்கட்டித் துணி, பத்து மணிக்குள் பாதித் தூரம் என்று நரம்பியல் மருத்துவரிடம் பேசித் திட்டமிட வேண்டும்.

இனி சாலை. ஹியூஸ்டன் மேசை மாதிரி தட்டை. அங்கேயே பயிற்சி எடுத்தவர்கள், லா கிரேஞ்ச் உள்ள ஃபேயட் கவுண்டிக்குள் நுழைந்ததும் வரிசையாக வரும் ஏற்ற இறக்கங்களில் திணறுவார்கள். ஒரு மேடும் உயரமில்லை, ஆனால் ஒன்று முடிந்தால் அடுத்தது. பின் பல்சக்கரத்தில் பெரியது 28 பல் என்றால் 32 பல்லுக்கு மாற்றிவிடுங்கள். சமவெளிக்காரர்கள் வார இறுதியில் காரில் சைக்கிளை ஏற்றி பெல்வில், சாப்பல் ஹில் பக்கம் போய் மேடு பழகுவது இதற்காகத்தான்.

மேட்டைவிட அதிகம் படுத்துவது சாலையின் தோல். டெக்ஸாஸின் ‘ஃபார்ம் டு மார்க்கெட்’ என்ற கிராமப்புறச் சாலைகள் பலவும் தாரின் மேல் பொடி ஜல்லியைக் கொட்டி உருட்டியவை. மணிக்கணக்கான அதிர்வில் கை மரத்துப்போகும். 23 மி.மீ. டயரில் 110 பி.எஸ்.ஐ. காற்றடித்து வருபவர்கள் மதியத்துக்குள் விரல்களை உதறிக்கொண்டிருப்பார்கள். 28 மி.மீ. டயர், 75 கிலோ எடைக்கு 70 முதல் 75 பி.எஸ்.ஐ. காற்று, இரட்டைச் சுற்று கைப்பிடி நாடா. இது போதும், வேகமும் குறையாது. கூடவே இரண்டு மாற்று ட்யூப், இரண்டு டயர் நெம்புகோல், ஒரு சிறு பம்பு. சாலையோரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டுகள் கிடக்கும். பஞ்சரானால் புது ட்யூபை மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி அந்தக் கம்பியைத் தேடி எடுங்கள். எடுக்காமல் மாட்டினால் ஐந்து மைலில் மறுபடி பஞ்சர்.

முதல் இருபது மைலில் விபத்து குறித்துக் கூடுதல் கவனம் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில், குளிர்ந்த காலையில், உற்சாகத்தோடு கிளம்புகிறார்கள். முன்னால் போகும் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் உரசினால் விழுவது நீங்கள்தான். அறிமுகமில்லாதவர் பின்னால் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். சாய்வாகக் குறுக்கிடும் தண்டவாளத்தை நேர் செங்குத்தாகக் கடந்து போங்கள், மழை பெய்திருந்தால் இறங்கித் தள்ளுங்கள். ‘கார் பேக்’ (பின்னால் கார்), ‘ஸ்லோயிங்’ (வேகம் குறைக்கிறேன்), ‘ஆன் யுவர் லெஃப்ட்’ (உங்கள் இடப்பக்கமாக முந்துகிறேன்) என்ற மூன்று குரல்களைக் கூச்சப்படாமல் கத்தப் பழகுங்கள். தலைக்கவசம் கட்டாயம், காதில் இயர்போன் கூடாது.

நிறுத்தங்கள் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒன்று வரும். அவற்றை நடத்துவது தொண்டர்கள், இந்த நிகழ்ச்சியின் மிகச் சிறந்த பகுதி அதுதான். வாழைப்பழம், ஆரஞ்சுத் துண்டு, வேர்க்கடலை வெண்ணெய் ரொட்டி, பனிக்கட்டி எல்லாம் இருக்கும். சின்னக் காகிதக் கோப்பையில் பச்சையாக ஒன்றை நீட்டுவார்கள். வெள்ளரி ஊறுகாய் ஊறிய உப்பும் வினிகரும் கலந்த நீர் அது. நம் ஊர் மோர்மிளகாய் வாசனைக்குப் பழகிய நாக்குக்குக் கஷ்டமில்லை, கெண்டைக்கால் பிடிப்புக்குப் பலருக்கும் உடனே கேட்கிறது. முதல் நிறுத்தத்தில் கழிப்பறை வரிசை மிக நீளம். இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அதைத் தாண்டிப் போய்விடலாம். மணிக்கு 500 முதல் 750 மி.லி. நீர், 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது நடைமுறைக் கணக்கு. வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலை சுற்றும். உப்புள்ள பானமும் இடையிடையே வேண்டும். முடியவில்லை என்றால் ‘சேக்’ வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், அதில் ஏறுவது அவமானமில்லை.

லா கிரேஞ்சின் மக்கள்தொகை 4,500க்குள். அங்கே ஒரே இரவில் அதைவிடப் பெரிய கூட்டம் வந்து இறங்குகிறது. விடுதி அறைக்கு ஆசைப்பட வேண்டாம். ஃபேயட் கவுண்டி சந்தை மைதானம் முழுக்கக் கூடாரங்கள். பெரிய குழுக்களின் கூடாரத்தில் சூடான சாப்பாடு, தசை நீவிவிட ஆள், மடக்குக் கட்டில் எல்லாம் இருக்கும். தனியாக வந்தவருக்குப் பொதுக் கூடாரமும், நீண்ட குளியல் வரிசையும், பக்கத்துக் குறட்டையும். அடுத்த நாள் கால் வேலை செய்ய வேண்டும் என்றால் தூக்கம் முக்கியம். குழுவில் சேரச் சொன்னது இதற்காகத்தான். காது அடைப்பான், ஒற்றைத் தரைவிரிப்பு, ஞாயிறுக்கு இன்னொரு பஞ்சு வைத்த கால்சட்டை ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பையில் வையுங்கள். இரவு மழை வந்தால் மைதானம் சேறாகிவிடும்.

மழைதான் இந்தப் பயணத்தின் தீராத குறை. டெக்ஸாஸ் ஏப்ரல் இடி மழைக்குப் பேர்போனது. மின்னலும் வெள்ளமும் காரணமாக சனிக்கிழமை ஓட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ரத்தாகியிருக்கிறது. 2020இல் கொரோனாவால் ஏப்ரல் ஓட்டம் நடக்கவே இல்லை. ரத்தானாலும் நன்கொடை திரும்ப வராது. இதையும் கொடுப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பழைய ஆஸ்டின் வழியை ஓட்டியவர்களுக்கு ஒரு ஏக்கம் உண்டு. ஞாயிறன்று பியூஷர், பாஸ்ட்ரப் பூங்காக்களுக்கு நடுவே பைன் மரங்களுக்குள் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் பார்க் ரோடு 1சி அந்த வழியில் இருந்தது. 2011 காட்டுத்தீயில் அந்த மரங்கள் பெரும்பாலும் கருகின. அந்தச் சாலைக்கு ஈடான ஒன்று இப்போதைய வழியில் இல்லை என்பது என் எண்ணம்.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் வையுங்கள். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், 25 மைலில் தொடங்கி மெல்லக் கூட்டி, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் 65 மைல். அதைவிட முக்கியம், இரண்டு மூன்று முறையாவது சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பது. புண்பட்ட இடத்தோடு மறுநாள் இருக்கையில் உட்காருவது எப்படி என்பது அப்போதுதான் தெரியும்.

நன்கொடையையும் ஜனவரியிலேயே தொடங்குங்கள். முதலில் உங்கள் கைப்பணம் 50 டாலரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள், பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் யாரும் முதலில் கொடுக்க மாட்டார்கள். கூட்டாகச் செய்தி அனுப்பாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள். கொடுப்பவரின் நிறுவனம் அதே தொகையை இரட்டிப்பாக்கும் என்றால், அதற்கான படிவத்தை அவர்தான் தம் அலுவலகத் தளத்தில் பதிய வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள். அந்தப் பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், குறைந்தபட்சத் தொகைக்கு அதை நம்பி இருக்காதீர்கள். தொகை நிறையாமல் போனால் எண் அட்டை வாங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

காலேஜ் ஸ்டேஷனிலிருந்து ஹியூஸ்டன் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். திரும்பும் பேருந்தையும் சைக்கிள் ஏற்றும் லாரியையும் பதிவின்போதே கேட்டு இடம் பிடித்துவிடுங்கள். குடும்பத்தார் காரில் வந்து கூட்டிப் போவதானால், மைதானத்தை ஒட்டி நிறுத்த இடம் கிடைக்காது. இரண்டு தெரு தள்ளி ஒரு இடத்தைச் சனிக்கிழமையே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மதியம் அங்கே எல்லோர் தொலைபேசியிலும் சிக்னல் திணறும்.