காரில் உப்புக்கறை: மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் எதுவரை உதவும்?

பெங்களூரில் காவேரி வராத அபார்ட்மென்ட்களில் காரைக் கழுவ போர் தண்ணிதான் கதி. காவேரி வரும் இடங்களிலும், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. பானெட்டில் வெள்ளை வளையம் விழாமல் என்ன செய்யும்?

புதுக் கறைக்கு விலை கூடிய ரிமூவர் வேண்டாம். எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் போதும். வினிகரும் எடுக்கும், பார்க்கிங் முழுக்க ஊறுகாய் வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

1 லிட்டர் ஆர்ஓ தண்ணியில் 20 கிராம். போர் தண்ணியில் கலந்தால் ஆசிட்டில் ஒரு பங்கு அதிலுள்ள உப்புக்கே செலவாகிவிடும். முதலில் ஷாம்பூ போட்டு மண்ணை எடுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது கீறல் விழும். நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு, கரைசலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறைமேல் 1 நிமிடம் போட்டுவைத்து, அழுத்தாமல் துடைத்து, உடனே கழுவ வேண்டும். ஒரு பேனல் முடிந்த பிறகே அடுத்தது. காயவிட்டால் கால்சியம் சிட்ரேட் படியும். அது தண்ணியில் லேசில் கரையாது. கடைசியில் மறுபடி ஷாம்பூ, பிறகு வாக்ஸ். கையுறை போடுங்கள். மார்பிள், கடப்பா கல் தரையில் சொட்டினால் பளபளப்பு போய்விடும். அதற்கு அசோசியேஷனில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வளையம் தெரிந்தால் அது பெயின்ட்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சான கிளியர்கோட்டையே அரித்த தடம். ஆசிட்டைக் கூட்டிப் பயனில்லை, காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பேஸ்ட்) போட்டு பாலிஷ் செய்வதுதான் வழி. கண்ணாடியில் சிலிக்கா ஏறிய பழைய கறையும் சிட்ரிக்குக்கு மசியாது, சீரியம் ஆக்சைடு பாலிஷ் வேண்டும். டாய்லெட் கிளீனர் யோசனையைக் காதில் வாங்கவே வேண்டாம்: அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும், குரோமை அரித்துவிடும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணியில் கார் கழுவுவது சிக்கனம்தான். ஆனால் மெஷினுக்குள் போகும் தண்ணியைவிட அதில் உப்பு அதிகம். மண் போக அடிக்கலாம், கடைசி அலசலுக்கு ஆகாது. சாஃப்ட்னர் தண்ணி பரவாயில்லை. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு) குறையாது, கறையும் விழும், ஆனால் கால்சியத்துக்குப் பதில் சோடியம் உப்பு என்பதால் ஈரத்துணிக்கே போய்விடும். 5 லிட்டர் கை ஸ்ப்ரேயரில் நல்ல ஆர்ஓ தண்ணி நிரப்பி, கூரையிலிருந்து கீழே அலசி, வெயில் படும் முன் துடைத்துவிட்டால் சிட்ரிக் பாக்கெட்டைப் பிரிக்கும் வேலையே அபூர்வம்.