அப்கிரேடு விலைக்காகப் பழைய விண்டோஸ் பெட்டியைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அந்தத் தேதியைச் சொல்லிப் பயமுறுத்தி, சிறு அலுவலகங்களுக்கு விண்டோஸ் 11 ‘அப்கிரேடு லைசென்ஸ்’ விற்ற ஒரு விற்பனையாளரிடம், ஈரோட்டில் நாங்கள் நடத்தும் அச்சு வடிவமைப்பு அலுவலகம் பணத்தை இழந்தது. அதைவிட மோசமாக, முறையாக விலை கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியிருந்த பழைய உரிமங்களையும் இழந்தது.

எங்களிடம் எட்டுக் கணினிகள் உள்ளன. அவற்றில் ஆறு, விண்டோஸ் 10 ப்ரோ பதித்தே வந்த நிறுவனத் தயாரிப்புகள். மற்ற இரண்டும் உள்ளூரில் அசெம்பிள் செய்தவை என்பதால், அவற்றுக்கு 2019-இல் விண்டோஸ் 10 ப்ரோ சில்லறைப் பெட்டிகளை (உரிம எண்ணோடு கடையில் விற்கப்படுபவை) தனியே வாங்கி, பில்லோடு பீரோவில் வைத்திருந்தோம். புதிய உரிமத்தின் விலை மிக அதிகம் என்றும், ஏற்கெனவே உரிமம் வைத்திருப்போருக்குக் கணினி ஒன்றுக்கு 4,500 ரூபாய்தான் என்றும் விற்பனையாளர் சொன்னார். “பழைய பெட்டியும் பில்லும் கம்பெனிக்குப் போனாத்தானுங்க அப்கிரேடு ரேட்டு போடுவாங்க” என்று கூறி இரண்டு பெட்டிகளையும் அசல் பில்களையும் அவருடைய பணியாளர் எடுத்துச் சென்றார்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு கணினியின் திரையிலும், வலது கீழ் மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து தோன்றத் தொடங்கியது. விற்பனையாளர் முதலில் வைரஸ் என்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேறொரு பொறியாளரை அழைத்துக் காட்டியபோதுதான் நடந்தது முழுவதும் விளங்கியது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்து எழுத்துகளைப் புள்ளியின்றித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் டி.எல்.ஐ. என்று சேர்த்தால், உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது ஒரு சிறு பெட்டியில் தெரியும். கணினியோடு வந்த உரிமமானால் ஓ.இ.எம். என்றும், கடையில் வாங்கியதானால் ரீடெயில் என்றும் அதில் இருக்க வேண்டும். எங்கள் எட்டுக் கணினிகளிலும் வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட் என்று இருந்தது. கூடவே காலாவதிக் குறிப்பும் இருந்தது.

கே.எம்.எஸ். என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள் தாமே நடத்தும் ஆக்டிவேஷன் முறை. கணினி தன் நிறுவனத்தின் சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறையும் 180 நாள்களுக்கு அனுமதி பெறும். அந்தத் தொடர்பு அற்றுப்போனால் அனுமதியும் முடிந்துவிடும். எங்கள் கணினிகளை எங்கோ வெளியே இருந்த, யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத ஒரு சர்வரோடு இணைத்து, கடையில் பெட்டியாக விற்கப்படாத என்டர்பிரைஸ் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். எங்கள் பெயரில் எந்த உரிம ஒப்பந்தமும் இல்லை. வால்யூம் முறையில், அதாவது நிறுவனங்களுக்கு மொத்தமாக, தரப்படும் விண்டோஸ் உரிமம், அடிப்படை உரிமம் ஏற்கெனவே உள்ள கணினிக்கான மேம்படுத்தல் உரிமம் மட்டுமே என்பது உண்மைதான். அந்த அரை உண்மையை வைத்துத்தான் எங்களிடமிருந்து பெட்டிகளை வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

முறையான உரிமம் உள்ள விண்டோஸ் 10 கணினியில், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உள்ளிட்ட வன்பொருள் தகுதிகள் இருந்தால், விண்டோஸ் 11-க்கு மாறக் கட்டணமே கிடையாது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். எங்கள் எட்டுக் கணினிகளுக்கும் அந்தத் தகுதி இருந்தது. 36,000 ரூபாயும் வரியும் இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒன்றுக்காக வாங்கப்பட்டிருக்கின்றன. நிறுவனத் தயாரிப்புகளான ஆறையும் பொறியாளர் மீட்டுக் கொடுத்தார். அவ்வகைக் கணினிகளின் உரிம எண் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், ப்ரோ பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தவுடன் அவை தாமாகவே ஆக்டிவேட் ஆகிவிட்டன.

அசெம்பிள் செய்த இரண்டுக்கும் அந்த வழி இல்லாமல் போயிற்று. சில்லறை உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கிவிட்டு வேறொன்றுக்கு மாற்றலாம். பெட்டியைக் கைப்பற்றியவருக்கு அதனால்தான் அது பணமாகிறது. பெட்டிகளில் இருந்த உரிம எண்களின் படம் எங்களிடம் இருந்தது. அவற்றை உள்ளிட்டபோது இரண்டுமே வேறு கணினியில் பயன்பாட்டில் இருப்பதாகச் செய்தி வந்தது. பழைய உடைமைக்கான சான்றைக் காட்டுவது வேறு, கொடுத்துவிடுவது வேறு. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அப்கிரேடு சிடி, வெற்றுக் கணினியில் நிறுவும்போது, விண்டோஸ் 98 போன்ற பழைய பதிப்பின் சிடியைப் போடச் சொல்லிச் சரிபார்க்கும். சரிபார்த்த பின் அந்தச் சிடி உரியவரிடமேதான் இருக்கும். மேம்படுத்தல் உரிமம் பழைய உரிமத்தின் மேல் நிற்பது. அடிப்படைச் சான்று கையில் இல்லாதவர் புதியதற்கும் உரிமை கோர முடியாது. அதை எடுத்துச் செல்பவர் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அவர் தந்த பில்லையும் இப்போது உற்றுப் பார்த்தோம். “சாஃப்ட்வேர் ஒர்க் – 8” என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. பதிப்பின் பெயர் இல்லை, உரிம வகை இல்லை. வரிக் குறியீடாக, மென்பொருள் பயன்பாட்டு உரிமைக்கான 9973-க்குப் பதிலாகப் பராமரிப்பு, பழுதுபார்ப்பு, நிறுவல் பணிகளுக்கான 9987 போடப்பட்டிருந்தது. உரிமம் விற்றதாகவே அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. இது சிறிய விஷயமல்ல. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ‘தெரியாது’ என்று நாம் நிறுவ வேண்டிய நாளில், நம்மைக் காக்க வேண்டிய தாள் அந்தப் பில்தான்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பெட்டிகள் இன்னும் கிடைக்கவில்லை. ஈரோடு, பவானி, திருச்செங்கோடு பக்கம் திறந்த நிலையில் உள்ள விண்டோஸ் 10 ப்ரோ பெட்டியை யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால், முதல் விற்பனையின் அசல் பில்லைக் கேளுங்கள். அதில் இருக்கும் வாங்கியவரின் பெயரைப் பார்த்து, அவரிடமே நேரில் விசாரித்த பிறகு பணம் கொடுங்கள்.