நாடகப் பெட்டிக்குச் சுதி சேர்க்க: யாழ் நகரின் ஒரு திருத்தப் பட்டறை

ஆர்மோனியம் திருத்தத் தெரிந்தவர்களை யாழ்ப்பாணத்தில் இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த வகையில் நகருக்குள் இருக்கும் இந்தச் சிறிய பட்டறை இசை நாடகக்காரருக்கு ஒரு கொடை. ஆனால் பெட்டியைக் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

வேலை சுத்தம். உப்புக்காற்றில் பித்தளை ரீட்டுகள் (காற்றுப் பட்டு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குள்ள தகடுகள்) பச்சை பிடித்து, சில சுரங்கள் கரகரக்கும், சில பேசவே பேசா. அவசரக்காரர் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். ரீட் மெலிந்து சுதி ஓடிவிடும். இங்கே ஒவ்வொன்றாகக் கழற்றி, மென்தூரிகையால் துடைத்து, நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய தாளை விட்டுத் தூசி எடுக்கிறார்கள். பிறகுதான் சுரண்டல்: நாக்கின் நுனியில் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய சூடு ஆறும்வரை பொறுத்து மறுபடி பார்க்கிறார்கள். இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

காற்றுக் கசிவையும் சரியாகப் பிரித்தறிகிறார்கள். காற்று வழியைத் திறந்து மூடும் குமிழ்களை மூடித் துருத்தியை அடித்து விட்டால் காற்று நிற்க வேண்டும். அப்போதே இறங்கினால் துருத்தியின் மடிப்பு மூலையில் ஓட்டை. குமிழைத் திறந்தபின் மட்டும் கசிந்தால் கட்டைகளுக்குக் கீழே உள்ள தோல் இறுகிப்போயிருக்கிறது.

இனி அந்த இரண்டு. பழைய பெட்டி எதுவானாலும் கேட்காமலே 440க்கு (A சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற இன்றைய பொதுச் சுதிக்கு) ஏற்றப் பார்க்கிறார்கள். இரட்டை ரீட் வைத்த 42 கட்டைப் பெட்டியில் 84 நாக்குகளையும் சுரண்ட வேண்டிவரும், ஆயுள் குறையும். கீபோர்ட்டோடு சேர்ந்து வாசிக்காவிட்டால், தனக்குள் சுதி ஒத்தால் போதும் என்று சொல்லுங்கள்.

மற்றது பெரியது. மெதுவாகத் துருத்தி அடித்துச் சுதி பார்க்கிறார்கள். பஜனைக்கு அது சரி. கொட்டகையில் அப்படி இல்லை. இசை நாடக நடிகர் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) பெயர் வாங்கிய, அரிச்சந்திரன் கதையின் மயானகாண்டத்தை எடுங்கள்: நடிகர் உச்சத்தில் விருத்தம் இழுக்கும்போது பெட்டிக்காரர் பலமாக அடித்துத்தான் பின்தொடர்வார். பலமாக அடித்தால், முக்கியமாகக் கீழ்ச் சுரங்களில், ரீட் சற்று இறங்கி ஒலிக்கும். பாடுகிறவரின் சுதி மேலே நிற்கும், பெட்டி கீழே நிற்கும். மேடையில் அடிக்கிற வேகத்தில் அடித்துக் காட்டி, அதற்கே சுதி வைக்கச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.