கலியாணக் கசெட்டும் காட்சி பிரிக்கும் மென்பொருளும்: மூன்று வருட அனுபவம்

திருகோணமலையில் பழைய வீடியோ கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று தொண்ணூறுகளில் எடுத்த வி.எச்.எஸ் கசெட்டுகள்தான் கூடுதலாக வரும். மூன்று மணி நேரப் படத்தை அப்படியே கொடுத்தால் ஒருவரும் பார்ப்பதில்லை. "தம்பி, பொன்னுருக்கு தனிய, தாலி கட்டு தனிய, அப்பா நிக்கிற இடமெல்லாம் தனிய எடுத்துத் தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். அதற்காகத்தான் பைசீன்டிடெக்ட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கத் தொடங்கினேன்.

அடுத்தடுத்த இரண்டு பிரேம்களில் (வீடியோவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் தனித்தனிப் படங்கள்) நிறம், நிறத்தின் அடர்த்தி, வெளிச்சம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அது ஓர் எண் போடும். எண் வரம்பைத் தாண்டினால் அங்கே ஒரு வெட்டு. இந்தக் 'கன்டென்ட்' முறையில் வரம்பு 27 என்று வைத்தே வருகிறது. நம்முடைய நாட்டில் பாவித்த PAL என்ற வீடியோ முறைக் கசெட்டில் செக்கனுக்கு 25 பிரேம். ஒரு மணி நேரத்துக்கு 90,000 பிரேம். முன்பு அரை நாள் குந்தியிருந்து கண்ணால் தேடினேன். இப்போது அது ஓடி முடிவதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

சரி, எங்கே பிசகும்? தாலி கட்டும் இடத்தில். கெட்டிமேளம் ஏறுகிறது, மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகிறது, அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் பிளாஷ் அடிக்கிறார். ஒரு பிரேம் முழுக்க வெள்ளை, அடுத்தது பழையபடி. ஒரு கசெட்டில் தாலி கட்டு மட்டும் ஏழு துண்டாக வந்தது. மேளம் விடாமல் ஒலிப்பதால் நமக்கு அது ஒரே காட்சி. ஆனால் மென்பொருள் சத்தத்தைக் கவனிப்பதே இல்லை. ஒரு காட்சியின் ஆகக் குறைந்த நீளம் 0.6 செக்கன் என்றிருப்பதை 2 செக்கனாக்கினேன். துண்டுகள் பாதியாகக் குறைந்தன.

உண்மையில் கைகொடுத்தது அதன் புள்ளிவிவரக் கோப்புதான். ஒவ்வொரு பிரேமுக்கும் என்ன எண் வந்தது என்று அட்டவணையாக எழுதித் தரும். அதைத் திறந்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். பிளாஷ் அடித்த இடத்தில் இரண்டு முள் ஒட்டி நிற்கும், ஒன்று ஏறும்போது, மற்றது இறங்கும்போது. நிஜ வெட்டில் ஒரு முள்தான். இதைக் கண்டுபிடித்த பிறகு வரம்பை ஊகித்து மாற்றுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கசெட்டுக்கும் முதல் பத்து நிமிடத்தை ஓட்டி, வரைபடம் பார்த்துத்தான் எண் வைக்கிறேன்.

கோணேசர் கோயில் படங்களுக்கு 'அடாப்டிவ்' முறை நல்லது. மண்டபத்து இருட்டிலிருந்து கமெராவைச் சட்டென்று கடல் பக்கம் திருப்பியிருப்பார்கள். கன்டென்ட் முறை அதை வெட்டென்று எடுத்துவிடும். அடாப்டிவ் ஒரு பிரேமின் எண்ணை முன்பின் பிரேம்களின் சராசரியோடு ஒப்பிடும். கமெரா திரும்பும்போது எல்லா எண்ணும் சேர்ந்தே உயர்வதால் பெரும்பாலும் ஏமாறாது.

மிக்சரில் (இரண்டு வீடியோவைக் கலக்கும் கருவி) போட்ட இதய வடிவம், பூ விரிவதுபோல் ஒரு காட்சி மறைந்து மற்றது வருவது, இவைதான் இன்னும் சிக்கல். மாற்றம் இருபது முப்பது பிரேமில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் எந்த ஒரு பிரேமிலும் எண் உயர்வதில்லை. அந்தக் காலத்து எடிட்டர்களுக்கு இதய வடிவம் என்றால் உயிர், ஆகவே ஒரு கசெட்டில் நாற்பது ஐம்பது இடமாவது கையால்தான் வெட்ட வேண்டும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நேரம் மிச்சமென்று எம்பி4 கோப்புகளை மறுபடி குறியாக்காமல் அப்படியே நகலெடுத்து வெட்டினேன். அந்த வகைக் கோப்பில் இடையிடையே வரும் கீ பிரேம்தான் முழுப் படம், மற்றவை அதிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருக்கும்; கீ பிரேம் உள்ள இடத்தில்தான் சுத்தமாக வெட்ட முடியும், எனவே துண்டுகள் ஒன்றிரண்டு செக்கன் தள்ளி வெட்டுப்பட்டன. ஓர் அக்காவுக்குக் கொடுத்த துண்டில் அவருடைய அப்பா ஆசீர்வதிக்கக் கை தூக்கும் இடம் முந்திய துண்டின் வாலில் போய்விட்டது. அவர் கேட்டதே அந்த இடத்தைத்தான். அன்று இரவே திரும்பச் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது குறியாக்கித்தான் வெட்டுகிறேன், நேரம் போனால் போகட்டும். MiniDV என்ற சிறிய டிஜிட்டல் கசெட்டில் இந்தத் தொல்லை இல்லை. அதில் ஒவ்வொரு பிரேமும் தனித்து முழுமையானது. எடுத்த திகதியும் நேரமும்கூடப் பிரேமோடு பதிவாகியிருக்கும். நேரம் தாவும் இடத்தில் கமெராவை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம், படத்தைப் பார்க்கவே தேவையில்லை.

அப்புறம், வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படம் சேமிக்கச் சொல்லி, அவற்றை அச்சடித்துக் கசெட்காரர் வீட்டுக்கு அனுப்புகிறேன். பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். போன கிழமை வந்த தாளில் கலியாணப் பெண்ணை விட்டுவிட்டு, பந்தலின் ஓரத்தில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தார்கள்.